கூரையிலிருந்து இறங்கும் காட்சி

கதையில் ஒரு பெண் இருந்தாள். அவள் கால்சட்டை போட்டுக்கொள்வாள், சுவர் ஏறுவாள், விசில் அடிப்பாள், தெருப் பையன்களோடு மல்லுக்கு நின்று உதடு கிழிந்து வீட்டுக்கு வருவாள். கடைசியில் ஒருநாள் அப்பா கூப்பிட்டதும் கூரையிலிருந்து இறங்கி, தலைவாரி, வெள்ளை கவுன் அணிந்து, மாடிப்படியில் மெல்ல நடந்து வருவாள். கீழே ஓர் இளைஞன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். அத்துடன் படம் முடிந்துவிடும்.

இந்தக் கதையை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று இயக்குநரை யாரும் கேட்கவில்லை. அவர் அதைச் சொல்லி முடித்ததும் படக்கூடத்தில் இருந்த எல்லோரும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள்.

மேலே அணில் உட்கார்ந்திருந்தாள்.

அது படங்கள் பேசத் தொடங்காத காலம். படக்கூடத்துக்குக் கூரை கிடையாது. சூரியன்தான் விளக்கு. ஆனால் நேராக விழும் வெயில் நடிகர்களின் கண்ணுக்குக் கீழே கறுப்பாக அப்பிவிடும், மூக்கின் நிழல் வாய்வரை நீளும். அதனால் மேடைக்கு மேலே உயரமாக மர விட்டங்கள் போட்டு, அவற்றுக்கு நடுவே கம்பிகளில் மெல்லிய வெள்ளைத் துணிகளைக் கட்டியிருந்தார்கள். வெயில் நகர நகரத் துணியையும் நகர்த்த வேண்டும். கீழே நின்று கயிற்றை இழுத்தால் போதும் என்று நினைத்துத்தான் தச்சர் அந்த ஏற்பாட்டைச் செய்தார். கயிறு அப்படி நினைக்கவில்லை. அது கப்பியில் சிக்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் சிக்கெடுக்கத் தச்சரின் மகள் மேலே ஏறினாள். எடுத்தாள். அடுத்த சிக்கு விழும்வரை இங்கேயே இருக்கிறேனே என்றாள். அதற்குப் பிறகு அவள் பெயரே அணில் ஆகிவிட்டது.

"அணில், கொஞ்சம் இடதுபக்கம் மூடு."

"அணில், என் முகத்துல நெருப்பைக் கொட்டாத."

இப்படித்தான் கீழே இருப்பவர்கள் அவளோடு பேசினார்கள். ஒருவர் மட்டும் பேசவில்லை. படக்கூடத்தின் மூலையில் இருந்த தையல் அறையில் நடிகர்களுக்கு உடை தைக்கும் அவளுடைய அம்மா. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதில் பார்த்தால் விட்டங்கள் தெரியும். மகள் முதல்முறை ஏறிய அன்று அம்மா அதன் வழியே பார்த்தாள். ஊசி விரலுக்குள் போய்விட்டது. அன்றைக்கே தையல் மிஷினைத் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் முதுகில் விழ, தன் நிழலிலேயே கண்ணை இடுக்கித் தைத்துக்கொண்டு இருந்தாள். ஏன் இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கறே என்று தச்சர் ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

படத்தின் நாயகி அழகாக அழுவாள், அழகாகச் சிரிப்பாள், நாற்காலிமேல் ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும். எனவே தூரத்திலிருந்து எடுக்கும் காட்சிகளில் அவளுடைய உடையைப் போட்டுக்கொண்டு அணில் ஏற வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். அம்மா முதலில் முடியாது என்றாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"இதுதான் கடைசி. கூரையிலேர்ந்து அந்தப் பொண்ணு இறங்குற காட்சி முடிஞ்சா என் பொண்ணும் இறங்கிடணும். அவ அத்தை வீட்டுக்குப் போறா."

இயக்குநர் சந்தோஷமாகத் தலையாட்டினார். கதையும் நிஜமும் ஒரே இடத்தில் முடிவது அவருக்குப் பிடித்திருந்தது. தச்சரும் தலையாட்டினார். எந்த மரத்தையும் கண்ணாலேயே அளந்துவிடுகிற அவருக்கு மனைவியின் பேச்சில் எது முடிவு, எது கோபம் என்று மட்டும் அளக்க வராது. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைப்பார்.

அணிலை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. படப்பிடிப்பு நடக்கும்வரை மேலே இருக்கலாம் என்பது மட்டும் புரிந்தது. அதிலிருந்து அவள் தினமும் காலையில் எழுந்ததும் மேகம் இருக்கிறதா என்று பார்த்தாள். மேகம் வந்தால் படப்பிடிப்பு நிற்கும். வெளிச்சத்தைக் கவனிப்பதே வேலையாக இருந்தவள் இப்போது இருட்டிக்கொண்டு வராதா என்று ஏங்கினாள். வானம் துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

கவுனை அம்மா மகள்மேல் வைத்துத்தான் தைத்தாள். நாயகிக்கு அளவு கொடுக்க நேரமில்லை. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே வாகு என்று அம்மா சொன்னாள்.

"நேரா நில்லுடி. ஏன் கொடியில காயற துணி மாதிரி ஆடற?"

"குண்டூசி குத்துதும்மா."

"ஆடாம இருந்தா அது ஏன் குத்தப்போகுது?"

"மேலல்லாம் நான் ஆடறதே இல்ல. உனக்கு எப்படித் தெரியும், நீதான் பாத்ததே இல்லையே."

அம்மாவின் உதட்டில் குண்டூசிகள் இருந்தன. அதனால் பதில் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி முடித்த பிறகு சொன்னாள்: "அத்தை வீட்டுல இதெல்லாம் வச்சுக்காத. அத்தை பொண்ணுங்களைப் பாரு. நாற்காலியில உக்காந்தா உக்காந்த சத்தமே வராது."

"உக்காந்திருக்காங்களான்னே சந்தேகமா இருக்கும்."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல."

"அங்க போய் நான் என்னம்மா செய்யறது? ஒரு ஏணிகூடக் கிடையாது அந்த வீட்டுல."

"அதுக்குத்தான்டி அனுப்பறேன்."

அணில் சிரிக்கப் பார்த்தாள். தோள்பட்டை அருகே ஒரு ஊசி நிஜமாகவே குத்தியது. அம்மா அந்தத் தையலைப் பிரித்து மறுபடி போட்டாள். தோள் இன்னும் சரியாக உட்காரவில்லை. மறுபடி பிரித்தாள்.

"விழுந்தா யாரு தாங்கறது?" என்றாள் அம்மா, துணியைப் பார்த்தபடி. "நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தா, பொண்ணு எங்கம்மான்னு கேப்பான். நான் மேல கையைக் காட்டணுமா?"

"மேல இருந்தாதாம்மா என் கை எங்க இருக்கு, கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியுது. கீழ வந்தா எதை எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"பழகிடும்," என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அணிலுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

கடைசி நாள் காலையில் மாடிப்படிக் காட்சி. நாயகி கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றாள். தோள் இரண்டு பக்கமும் வழிந்து தொங்கியது.

"என்னம்மா, இதுக்குள்ள இன்னொரு ஆள் வரணுமா?" என்று நாயகி சிரித்தாள். "உங்க பொண்ணு அளவுக்குத் தச்சிட்டீங்கபோல."

அம்மா முதுகுப் பக்கம் துணியை இழுத்து ஊசி குத்தினாள். ஒரே வாகு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் கயிறு இழுத்ததில் மகளின் தோள் எப்போது இவ்வளவு விரிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாயகி முதுகைக் காட்டாமல் படியில் இறங்கி வந்தாள். தொப்பி இளைஞன் புன்னகைத்தான். காட்சி முடிந்தது.

மிச்சம் இருந்தது கூரை. மேடையில் தச்சர் ஒரு வீட்டின் முன்பக்கத்தைக் கட்டியிருந்தார்: கதவு, ஜன்னல், சாய்ந்த ஓட்டுக்கூரை. பின்பக்கம் வெறும் சட்டங்கள். கூரையின் உச்சி ஏறக்குறைய விட்டங்களின் உயரத்துக்கு வரும். நாயகியின் முகம் தெரியும் காட்சிகளைத் தரையில் வைத்த குட்டிக்கூரையில் எடுத்தாகிவிட்டது. இனி அணில் உச்சியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா கூப்பிட்டதும் திரும்பி, ஏணி வழியே இறங்க வேண்டும். ஃபிலிம் பெட்டியில் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. அடுத்த பெட்டி கப்பலில் வந்தால்தான் உண்டு.

கேமராவைச் சுற்றுகிறவர் அம்மாவின் தம்பி, அணிலுக்குத் தாய்மாமா. கேமராவின் கைப்பிடியை ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் திரையில் மனிதர்கள் எறும்பாக ஓடுவார்கள். அதற்காக அவர் ஒரு தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவார். பாட்டின் நடுவில் நிறுத்தினால் கை கெட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை. இயக்குநர் நிறுத்து என்று கத்தினாலும் பாட்டின் அந்த அடி முடிந்த பிறகுதான் கை நிற்கும்.

"மருமகளே, கேமரா பக்கம் மூஞ்சிய முழுசாத் திருப்பிடாத. அப்புறம் கதாநாயகிக்கு ஒரே நாள்ல மூக்கு மாறிடும்," என்றார்.

"என் மூக்குக்கு என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. எங்க அக்கா மூக்குதான். அதான் பயமா இருக்கு."

படத்து அப்பாவாக நடிப்பவர் கதவருகே வந்து நின்றார். எந்தக் காட்சியிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: "நான் இப்ப கோவமா, சோகமா?"

"பாசம்," என்றார் இயக்குநர். தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டார். "ஆரம்பி."

மாமா தாலாட்டைத் தொடங்கினார். அன்று துணிகளை வேறு ஆட்கள் கட்டியிருந்தார்கள். மாலைக் காற்று லேசாக எழுந்தது.

"பாரு, தூரத்துல பாரு. உன் பழைய வாழ்க்கையெல்லாம் அங்க தூரமா போயிட்டிருக்கு."

அணில் பார்த்தாள். தூரத்தில் சாயப்பட்டறையின் புகைபோக்கி தெரிந்தது. அது எங்கும் போகவில்லை.

"அப்பா கூப்பிடறார். திரும்பு. கீழ பாரு. நல்லா பாரு. எழுந்திரு."

அவள் எழுந்தாள். ஏணியின் முதல் படியைக் காலால் தேடினாள். அப்போதுதான் கீழே நின்ற படத்து அப்பாவின் முகத்தில் ஒரு நிழல் ஓடுவதைப் பார்த்தாள். நெற்றியில், கன்னத்தில், மறுபடி நெற்றியில். மேலே ஒரு முடிச்சு அவிழ்ந்து, துணியின் ஒரு மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

நிழல் ஓடினால் காட்சி வீண். இது அவளுக்கு யோசித்துத் தெரிய வேண்டிய விஷயமல்ல. தான் இப்போது துணி கட்டுகிற அணில் இல்லை, கதையில் வரும் பெண் என்பது அந்த நொடியில் அவளுக்கு மறந்தே போயிற்று. ஏணியை விட்டுவிட்டுக் கூரையின் உச்சியில் நடந்தாள். கூரை முடிந்த இடத்திலிருந்து விட்டத்துக்குக் கால் வைத்தாள். துணியின் மூலையை எட்டிப் பிடித்து, கயிற்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். நிழல் நின்றது. கீழிருந்து தாலாட்டு மட்டும் கேட்டது.

கேமரா இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"இறங்கு," என்றார் இயக்குநர் குழலில். "பரவால்ல, அங்கேர்ந்தே வா. இறங்கு."

இறங்கியிருக்கலாம். ஏணி பக்கத்தில்தான் இருந்தது. இறங்கினால் கதை முடியும், படம் முடியும், அத்தை வீட்டுக்கான பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அணில் விட்டத்தில் உட்கார்ந்தாள். கால்களைத் தொங்கவிட்டாள். கீழே பார்த்து, மெதுவாக, இல்லை என்று தலையை அசைத்தாள்.

"நிறுத்து," என்றார் இயக்குநர்.

தாலாட்டு அதன் பாட்டுக்குப் போய் முடிந்த பிறகு கைப்பிடி நின்றது. பெட்டியில் ஃபிலிமும் முடிந்திருந்தது.

"ஏன்யா நிறுத்தல?"

"குழந்தை இன்னும் தூங்கலைங்க," என்றார் மாமா. பிறகு இயக்குநரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டுல சொன்னேன்," என்று சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் மாலை ஃபிலிமைக் கழுவிக் காயவைத்துச் சின்ன அறை ஒன்றில் போட்டுப் பார்த்தார்கள். அம்மாவையும் இயக்குநர் கூப்பிட்டனுப்பியிருந்தார். தொங்குகிற தோள் திரையில் தெரிகிறதா என்று தைத்தவள் பார்த்துச் சொல்ல வேண்டும். அணில் கதவோரம் நின்றாள். காலை வண்டியில் அவள் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். அவளிடம் நேற்றிலிருந்து யாரும் அதிகம் பேசவில்லை, திட்டக்கூட இல்லை.

மாமா படம் ஓட்டும் கருவியைச் சுற்றினார். அதற்கும் அதே தாலாட்டுதான்.

முதலில் மாடிப்படி. நாயகி வந்தாள், புன்னகைத்தாள். கவுன் அவளுக்கு முன்னால் தனியாக நடந்து வருவதுபோல் இருந்தது. அம்மா உச்சுக்கொட்டினாள்.

பிறகு கூரை. பெண்ணின் முதுகு. எழுந்து ஏணியைத் தேடும் கால். பிறகு அவள் திரும்பி மேலே நடந்தாள், திரையும் அவளோடு மேலே போனது.

"நீ கேமராவத் தூக்கினியா?" என்றார் இயக்குநர் இருட்டில்.

"கை அதுவா போயிடுச்சுங்க."

"விட்டம் தெரியுதுய்யா. துணி தெரியுது. இது வீடில்லன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும்."

ஆனால் அதிக வெளிச்சத்தில் துணிகளின் விளிம்புகள் கரைந்துபோயிருந்தன. வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. மேகம் என்றால் மேகம், பாய்மரம் என்றால் பாய்மரம். ஒரு பெண் அதன் நடுவே நடந்துபோய், காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்துக் கட்டிவைத்தாள்.

அம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பதாக அவள் நினைத்திருந்தது ஒரு ஓட்டம், ஒரு குதியாட்டம், எந்நேரமும் தடுக்கி விழப்போகிற ஒன்று. திரையில் இருந்தது அது இல்லை. கால் விரல் முதலில் மரத்தைத் தொட்டுப் பார்த்தது. பிறகுதான் பாதம் இறங்கியது. புதுத்துணியை மிஷினில் விடுமுன் அம்மா கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாளே, அப்படி. ஊசிக்கு நெளிகிற பிள்ளை அங்கே முடிச்சுப் போடும் நேரம் முழுக்கத் துளி ஆடவில்லை.

விட்டத்தில் உட்கார்ந்தவள் தலையை அசைத்தாள். திரை வெறும் வெள்ளையானது. மாமா அடி முடியும்வரை சுற்றிவிட்டு நிறுத்தினார்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றாள் நாயகி. "எனக்கு அந்த மாடிப்படி பிடிக்கும். நல்லாவும் இறங்கியிருக்கேன். ஆனா இதைப் பாத்த பிறகு அதைப் பாத்தா, இவளை யாரோ புடிச்சு அடைச்சுட்ட மாதிரி இருக்கும்."

இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். "முடிவே மாறிடுதேம்மா. பொண்ணு இறங்கவே இல்லன்னா அதுக்குப் பேரு கதையா?" பிறகு தைத்தவள் பக்கம் திரும்பினார். "தோள் எப்படிம்மா தெரியுது? மறுபடி எடுக்கணும்னா ஃபிலிம் வர வரைக்கும் காத்திருக்கணும்."

"மறுபடி எடுத்தாலும் உக்காராதுங்க," என்றாள் அம்மா. "எத்தனை தடவ பிரிச்சுப் போட்டாச்சு. தப்பு தையல்ல இல்ல. விட்டுடுங்க அதை."

"விட்டுட்டா, கடைசி அட்டையில என்னன்னு எழுதறது? ஜனங்களுக்கு எதாவது எழுதிக் காட்டணுமே, அவ ஏன் இறங்கலன்னு."

"எதுக்கு எழுதணும்?" என்றாள் அம்மா. "அதான் தெரியுதே."

அறையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். படத்து அப்பாவாக நடித்தவர் இருக்கலாம். அவர் கேட்டார்: "அப்ப நான் கீழ நின்னுக்கிட்டே இருக்கேனே, அது கோவமா, சோகமா?"

அணிலுக்கு எதுவும் விளங்கவில்லை. அம்மா சொன்னது கவுனைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகும்வழியில் கேட்கத் தைரியம் வரவில்லை. தச்சர் இரண்டு பேருக்கும் நடுவே நடந்தார், ஒன்றுக்கும் தலையாட்ட வாய்ப்புக் கிடைக்காமல்.

காலையில் பெட்டி வாசலருகே இருந்தது. வண்டி நேரம் வந்தது. அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. தையல் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள். அணில் பெட்டியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா," என்றார் தச்சர். "ஆனா வண்டி போயிருக்கும் இந்நேரம்."

படக்கூடத்தில் அன்று வேறு ஏதோ காட்சிக்கு வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு வழக்கம்போல் கப்பியில் சிக்கியிருந்தது. படத்தில் போட்ட அதே கால்சட்டையோடு அணில் பழக்கத்தில் ஏறினாள். சிக்கை எடுத்தாள். கீழே தையல் அறையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. கனமான ஒன்றைத் தரையில் தள்ளும் சத்தம்.

ஜன்னலில் அம்மா தெரிந்தாள். மிஷின் இந்தப் பக்கம் பார்த்து இருந்தது. காலை வெயில் நேராக முகத்தில் விழ, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஏய்," என்றாள்.

"என்னம்மா?"

"பேன்ட்ல பின்னாடி தையல் விட்டிருக்கு. நேத்து படத்துலயே பாத்தேன். இதையா ஊரே பாக்கணும்? இறங்கு."

அணில் அசையாமல் நின்றாள். ஒரு கையில் கயிறு இருந்தது.

"இறங்குடி, தச்சுத் தரேன்," என்றாள் அம்மா. "தச்சதும் ஏறிக்கோ."